எண்ணெய்க்கு மேல் எண்ணெய்: மோட்டார் சைக்கிளுக்கு அந்தச் சிறு புட்டி தேவைதானா?

புதுதில்லி: தலைநகரில் இருசக்கர வாகனம் வைத்திருப்போர் ஒருமுறையேனும் போய்வந்திருக்கும் இடம் கரோல்பாக். அங்குள்ள நாயிவாலா சந்துகளில் ஹெல்மெட், இருக்கை உறை, பக்கவாட்டுக் கண்ணாடி, சைலன்சர், செயின் என்று மோட்டார் சைக்கிளின் உடம்பில் எதையெல்லாம் மாற்ற முடியுமோ அதையெல்லாம் விற்கும் கடைகள் நெருக்கியடித்து நிற்கின்றன. எஞ்சின் ஆயில் டப்பாக்கள் அடுக்கிய அலமாரிகளில், அவற்றுக்குப் பக்கத்திலேயே, கைக்கு அடக்கமான சிறு புட்டிகளையும் காணலாம். ‘ஆயில் அடிடிவ்’ எனப்படும் எண்ணெய்ச் சேர்க்கைப் பொருள் அது. உராய்வு குறையும், மைலேஜ் கூடும், சூடு தணியும், சத்தம் அடங்கும், எஞ்சினின் ஆயுள் இரட்டிப்பாகும் என்பன இத்தகைய புட்டிகளின் வழக்கமான வாக்குறுதிகள். வண்டியை சர்வீசுக்கு விடும்போது, ஆயில் மாற்றும் கையோடு இதையும் ஊற்றிவிடலாமா என்று மெக்கானிக் கேட்பதும், உரிமையாளர் தலையசைப்பதும் தில்லியில் மட்டுமல்ல, நாடெங்கும் நடப்பதுதான்.

சில நூறு ரூபாய் விவகாரம் என்று இதை ஒதுக்கிவிட முடியாது. இந்திய ஆட்டோமொபைல் உற்பத்தியாளர்கள் சங்கத்தின் கணக்குப்படி 2024-25 நிதியாண்டில் மட்டும் உள்நாட்டில் விற்பனையான இருசக்கர வாகனங்கள் சுமார் 1 கோடியே 96 லட்சம். செயலிகள் வழியே வேலைபெறும் தொழிலாளர்களின் எண்ணிக்கை 2020-21ஆம் ஆண்டில் 77 லட்சம் என்று நிதி ஆயோக் 2022 ஜூனில் வெளியிட்ட அறிக்கையில் மதிப்பிட்டது. 2029-30க்குள் அது 2 கோடியே 35 லட்சமாகும் என்றும் அதே அறிக்கை கூறியது. இவர்களில் உணவும் பொட்டலமும் சுமந்து ஓடுவோருக்கு மோட்டார் சைக்கிள் என்பது வாகனமல்ல, தொழிற்கருவி. உழவனுக்கு ஏர் எப்படியோ அப்படி. அந்தக் கருவி ஒருநாள் பழுதானால் அன்றைய கூலி போயிற்று. எஞ்சின் கெட்டுவிடுமோ என்ற அச்சம் யாருக்கு அதிகமோ, அவர்களிடமே இந்தப் புட்டி எளிதில் விலைபோகிறது.

நல்ல நிலையில் உள்ள நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில், உற்பத்தி நிறுவனம் குறிப்பிட்ட எண்ணெயை உரிய காலத்தில் மாற்றிவந்தால், இந்தச் சேர்க்கைப் பொருளால் கிடைக்கக்கூடிய நன்மை ஏதுமில்லை என்றே சொல்ல வேண்டும். கார்களின் விஷயத்தில் அது பெரும்பாலும் பண விரயத்தோடு நின்றுவிடும். மோட்டார் சைக்கிளின் கட்டமைப்பு வேறு. அங்கே கேடும் வரக்கூடும்.

டப்பாவுக்குள் ஏற்கெனவே இருப்பது என்ன?

கடையில் வாங்கும் எஞ்சின் ஆயில் வெறும் எண்ணெய் அல்ல. கச்சா எண்ணெயிலிருந்து பிரித்தெடுத்த அல்லது செயற்கையாகத் தயாரித்த அடிப்படை எண்ணெய் அதில் முக்கால் பங்குக்கு மேல் இருக்கும். மீதியெல்லாம் சேர்க்கைப் பொருள்களே. கரியையும் பிசினையும் கழுவும் கால்சியம், மக்னீசியம் சார்ந்த சோப்புப் பொருள்கள், கழுவிய அழுக்கு ஓரிடத்தில் படியாமல் எண்ணெயிலேயே மிதக்கவைக்கும் பொருள்கள், சூட்டில் எண்ணெய் நீர்த்துப்போகாமல் காக்கும் நீண்ட மூலக்கூறுகள், நுரை தடுக்கும் சிலிகோன், துருத் தடுப்பான் எனப் பட்டியல் நீளும். இவற்றுள் முதன்மையானது துத்தநாகமும் பாஸ்பரசும் கந்தகமும் கலந்த ஒரு சேர்மம். ‘இசட்.டி.டி.பி.’ என்று சுருக்கமாக அழைக்கப்படும் இது 1940களிலிருந்து எஞ்சின் எண்ணெய்களில் கலக்கப்படுகிறது. இரண்டு உலோகப் பரப்புகள் ஒன்றையொன்று அழுத்தித் தேய்க்கும் இடத்தில், அந்தச் சூட்டிலேயே இது சிதைந்து, கண்ணுக்குத் தெரியாத மெல்லிய பாதுகாப்புப் படலமாகப் படிந்துவிடும். தேய்வது அந்தப் படலம்தான், உலோகம் அல்ல.

இந்தப் பொருள்களை எந்த விகிதத்தில் கலப்பது என்பதுதான் எண்ணெய் நிறுவனங்களின் ஆய்வுக்கூடங்களில் நடக்கும் வேலையின் சாரம். தில்லியை ஒட்டியுள்ள பரீதாபாத்தில் பொதுத்துறை நிறுவனமான இந்தியன் ஆயில் 1972 முதல் நடத்திவரும் ஆராய்ச்சி மையத்தின் தொடக்ககாலப் பணியே மசகெண்ணெய்களை உருவாக்குவதுதான். ஒரு பொருளைக் கூட்டினால் இன்னொன்றின் வேலை குறையும் என்பது இத்துறையில் பாலபாடம். சோப்புப் பொருளும் தேய்மானத் தடுப்பானும் ஒரே உலோகப் பரப்பில் இடம்பிடிக்கப் போட்டியிடுகின்றன. உராய்வு குறைக்கும் மூன்றாவது பொருளொன்று வெளியிலிருந்து நுழைந்தால், முன்னமே இடம்பிடித்திருந்தது வெளியேற நேரிடும். பதம் பார்த்து இறக்கிய குழம்பில் யாரோ வந்து இன்னொரு பிடி உப்பைப் போடுவதற்கும் இதற்கும் அதிக வேறுபாடில்லை.

அமெரிக்கப் பெட்ரோலியக் கழகம் தரும் ‘ஏபிஐ’ தரக்குறி, ஜப்பானிய வாகனத் தர அமைப்பின் ‘ஜாசோ’ குறி, நமது இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 13656 தரம் ஆகிய அனைத்துமே முழுமையாகக் கலந்து முடித்த எண்ணெய்க்கானவை. புட்டியிலுள்ளதை அந்த எண்ணெயில் ஊற்றிய கணமே, டப்பாவின்மேல் அச்சிட்ட தரக்குறி உள்ளே இருக்கும் திரவத்துக்குப் பொருந்தாமல் போய்விடுகிறது.

ஒரே எண்ணெய், மூன்று வேலை

காரில் எஞ்சினுக்கு ஓர் எண்ணெய், கியர் பெட்டிக்கு வேறோர் எண்ணெய். கிளட்ச் பெரும்பாலும் எண்ணெய் படாத உலர்ந்த இடத்தில் இருக்கும். இந்தியச் சாலைகளில் ஓடும் நான்கு ஸ்ட்ரோக் மோட்டார் சைக்கிள்களில் ஏறத்தாழ அனைத்திலும் இம்மூன்றுக்கும் ஒரே எண்ணெய்தான். சுமார் 1 லிட்டர் அளவே உள்ள அந்த எண்ணெய், பிஸ்டனையும் கேமையும் நனைத்து, கியர் பற்களின் கடும் அழுத்தத்தைத் தாங்கி, கிளட்ச் தட்டுகளையும் மூழ்கடித்து நிற்கிறது.

இதில் உள்ள முரணைக் கவனிக்க வேண்டும். பிஸ்டனிலும் கேமிலும் உராய்வு குறைய வேண்டும். கிளட்சிலோ உராய்வு இருந்தே ஆக வேண்டும். எண்ணெயில் நனைந்த தட்டுகள் ஒன்றையொன்று இறுகப் பற்றினால்தான் எஞ்சினின் சக்தி சக்கரத்துக்குப் போய்ச்சேரும். உராய்வு குறைக்கும் பொருளுக்கு எது பிஸ்டன், எது கிளட்ச் என்று தெரியாது. கார்களுக்கான ‘எரிபொருள் சிக்கன’ எண்ணெய்கள் 1990களில் உராய்வு குறைக்கும் பொருள்களோடு வரத் தொடங்கியபோது மோட்டார் சைக்கிள்களில் கிளட்ச் வழுக்கும் சிக்கல் எழுந்தது. அதன் விளைவாகவே 1998இல் ஜப்பானில் ‘ஜாசோ டி 903’ என்ற தனித் தரம் பிறந்தது. கிளட்ச் நன்கு பிடிக்கும் எண்ணெய்க்கு ‘எம்ஏ’ என்றும், உராய்வு குறைந்த எண்ணெய்க்கு ‘எம்பி’ என்றும் அது பெயரிட்டது. 2006இல் ‘எம்ஏ’ மேலும் ‘எம்ஏ1’, ‘எம்ஏ2’ எனப் பிரிக்கப்பட்டது. கியர் இல்லாத ஸ்கூட்டர்களின் கிளட்ச் எண்ணெயில் நனைவதில்லை என்பதால் அவற்றுக்கு ‘எம்பி’ பொருந்தும். கியர் உள்ள மோட்டார் சைக்கிளுக்கு ‘எம்ஏ’ வகையே.

ஆக, பொறியாளர்கள் எந்தப் பொருளைத் திட்டமிட்டு விலக்கிவைத்தார்களோ, அதையே பணம் கொடுத்து வாங்கி உள்ளே ஊற்றுவதாக முடியலாம். கிளட்ச் வழுக்கத் தொடங்கினால் ஆக்சிலேட்டரைத் திருகும்போது எஞ்சின் இரைச்சல் கூடும், வேகம் கூடாது. பெட்ரோல் வீணாகும். மைலேஜுக்காக ஊற்றியது மைலேஜைத் தின்னும். பிறகு கிளட்ச் தட்டுகளை மாற்ற வேண்டியதுதான். எல்லாப் புட்டிகளிலும் இது நேரும் என்பதல்ல. உள்ளே என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தது. ஆனால் உள்ளே என்ன இருக்கிறது என்று வாங்குபவருக்குப் பெரும்பாலும் சொல்லப்படுவதில்லை.

பாத்திரங்களில் ஒட்டாமல் இருக்கப் பூசப்படும் டெஃப்லான் என்ற பி.டி.எஃப்.இ. துகள்களைக் கொண்ட சேர்க்கைப் பொருள்கள் ஒருகாலத்தில் பெரும் புகழ் பெற்றிருந்தன. எஞ்சினின் உட்பாகங்களில் அது பூச்சாகப் படியும் என்பது விளம்பரம். தோசைக்கல்லில் அப்பூச்சு நிலைக்க, முதலில் உலோகத்தைச் சொரசொரப்பாக்கித் துப்புரவு செய்து, பின் உயர் வெப்பத்தில் சுட்டெடுக்க வேண்டும். பி.டி.எஃப்.இ. உருகும் நிலை 327 டிகிரி செல்சியஸ். ஓடும் மோட்டார் சைக்கிளில் எண்ணெயின் வெப்பம் அதில் பாதியைக்கூட வழக்கமாக எட்டுவதில்லை. படியாத துகள் எங்கே போகும்? இந்தியாவில் மிகுதியாக விற்பனையான ஹோண்டா வடிவமைப்பு 100 சி.சி. எஞ்சின்களில் காகித வடிகட்டி கிடையாது. கிராங்க் தண்டின் முனையில் சுழலும் ஒரு கிண்ணம், எண்ணெயைவிட அடர்த்தி மிகுந்த எதையும் மையவிலக்கு விசையால் ஓரத்தில் ஒதுக்கித் தள்ளிவிடும். பி.டி.எஃப்.இ. எண்ணெயைவிட இரண்டு மடங்குக்கு மேல் அடர்த்தியானது. ‘மாலி’ என்று கடைகளில் சொல்லப்படும் மாலிப்டினம் டைசல்பைடு ஐந்து மடங்குக்கு மேல். உலோகத் தூளை ஒதுக்கவென்று அமைத்த கிண்ணம், விலைகொடுத்து வாங்கிய மருந்தையும் குப்பையாகவே கருதி ஓரத்தில் சேர்த்துவைக்க வாய்ப்பு அதிகம். எஞ்சினைப் பிரிக்கும் நாளில் மெக்கானிக் அதைத் துணியால் துடைத்து எறிவார்.

கண்முன் நடக்கும் சோதனை

வாகனக் கண்காட்சிகளிலும் சந்தைகளிலும் காட்டப்படும் ஒரு சோதனை பலரை நம்பவைத்திருக்கிறது. மின்மோட்டாரில் சுழலும் எஃகு வளையம். அதன்மேல் நெம்புகோலால் அழுத்தப்படும் சிறு எஃகுத் துண்டு. வளையத்தைச் சாதாரண எஞ்சின் ஆயிலில் நனைத்து, நெம்புகோலில் எடையை ஏற்றினால் மோட்டார் திணறி நின்றுவிடும். சில சொட்டுச் சேர்க்கைப் பொருளை விட்டதும் அதே எடையில், ஏன், இன்னும் கூடுதல் எடையிலும் வளையம் சுழலும். கூட்டம் கைதட்டும்.

சோதனையில் மோசடி இல்லை, பொருத்தம்தான் இல்லை. ‘டிம்கன்’ சோதனை எனப்படும் இது, கடும் அழுத்தத்தில் இயங்கும் கியர்களுக்கான எண்ணெயையும் கிரீசையும் மதிப்பிட உருவானது. எஞ்சினுக்குள் கிராங்க் தண்டு பேரிங்கைத் தொட்டுக்கொண்டு சுழல்வதில்லை. சுழற்சியின் வேகமே எண்ணெயை ஆப்புபோல இடையே இழுத்து, தண்டை மிதக்கவைக்கிறது. அங்கே உலோகம் உலோகத்தைத் தொடாதபோது, தொடும் இடத்துக்கான மருந்துக்கு வேலையில்லை. இந்தக் கருவியில் தலைக்குத் தேய்க்கும் ஷாம்பூகூட எஞ்சின் ஆயிலை வென்றுவிடும் என்பதைச் செய்துகாட்டியவர்கள் உண்டு. அதற்காக எவரும் எஞ்சினில் ஷாம்பூ ஊற்றுவதில்லை.

இச்சோதனையில் அபாரமாக வெற்றிபெறும் பொருள்களில் ஒன்று குளோரின் ஏற்றிய பாரஃபின். உலோகத்தைக் கடைந்து வெட்டும் பட்டறைகளில் அதற்கு நியாயமான பயன் உண்டு. எரிதலில் உண்டாகும் நீராவியும் சூடும் சேரும் எஞ்சினுக்குள் அது சிதைந்தால் ஹைட்ரோகுளோரிக் அமிலம் உருவாகும், பேரிங்குகளை அரிக்கும்.

அமெரிக்காவில் நடந்தது

இந்தப் புட்டிகளின் வாக்குறுதிகளை ஓர் அரசு அமைப்பு தொடர்ந்து கேள்விக்குட்படுத்திய நாடு அமெரிக்கா. அங்குள்ள மத்திய வர்த்தக ஆணையம், விளம்பரத்தில் சொல்வதை மெய்ப்பிக்கும் அறிவியல் சான்று விளம்பரம் செய்பவரின் கையில் முன்னதாகவே இருக்க வேண்டும் என்ற நிலைப்பாட்டைக் கொண்டது. 1976இல் ‘எஸ்.டி.பி.’ நிறுவனத்துக்கு எதிராக ஆணை பிறந்தது. 1978இல் அந்நிறுவனம் 5 லட்சம் டாலர் அபராதம் செலுத்தியதுடன், தன் தவறான விளம்பரம் குறித்த அறிவிப்பைப் பத்திரிகைகளில் வெளியிட மேலும் 2 லட்சம் டாலர் செலவிட நேர்ந்தது. பழைய ஆணையை மீறியதாக 1995இல் மீண்டும் 8 லட்சத்து 88 ஆயிரம் டாலர்.

பி.டி.எஃப்.இ. கலந்த ‘ஸ்லிக் 50’ மீது 1996இல் புகார் தொடுக்கப்பட்டது. வண்டியைக் கிளப்பும் நேரத்தில் எஞ்சின்களுக்குப் போதிய பாதுகாப்பு இல்லை என்றும், தன் பொருள் உட்பாகங்களில் பூச்சாகப் படிகிறது என்றும் அது கூறியவை ஆதாரமற்றவை என்பது ஆணையத்தின் குற்றச்சாட்டு. 1997இல் சமரசம் ஏற்பட்டு, அத்தகைய விளம்பரங்களைக் கைவிட நிறுவனம் ஒப்புக்கொண்டது. அடுத்து ‘டியூரா லூப்’: குளோரின் சேர்மம் இல்லை என்று விளம்பரப்படுத்திய அதில் குளோரின் சேர்மம் இருந்ததாக ஆணையம் கூறியது, 2000இல் 20 லட்சம் டாலர் கொடுத்து அந்நிறுவனம் வழக்கை முடித்துக்கொண்டது.

இவற்றுள் சுவையானது ‘இசட்மேக்ஸ்’ வழக்கு. கார்ப் பந்தயங்களோடு சேர்த்து விளம்பரப்படுத்தப்பட்ட அப்பொருள், சாயம் கலந்த கனிம எண்ணெய்க்கு மேல் அதிகமில்லை என்று 2001இல் ஆணையம் குற்றஞ்சாட்டியது. நிறுவனம் சான்றாகக் காட்டிய ஆய்வகச் சோதனையிலேயே, இப்பொருளைச் சேர்த்தபோது பேரிங் அரிப்பு இரு மடங்குக்கு மேல் ஆனதாகவும், அந்த முடிவு விளம்பரத்தில் விடுபட்டதாகவும் புகாரில் கூறப்பட்டது. குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலேயே 2003இல் 10 லட்சம் டாலருக்குச் சமரசம். பொருள் சந்தையை விட்டுப் போகவில்லை. வாசகங்கள் மட்டும் அடக்கமாயின.

சோதனைக்கூடத்துக்கு வெளியே நடந்த ஆய்வும் உண்டு. அமெரிக்க நுகர்வோர் இதழான ‘கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ்’ நியூயார்க் நகரின் 75 டாக்சிகளில் புதுப்பித்த எஞ்சின்களைப் பொருத்தி, ஒவ்வொன்றையும் 60 ஆயிரம் மைல் ஓடவிட்டு, பின் பிரித்து நுண்ணளவியால் அளந்து 1996 ஜூலையில் முடிவை வெளியிட்டது. நின்று நின்று ஓடும் நகர டாக்சி என்பதால் தில்லி வாசிக்கும் அது அந்நியமல்ல. எண்ணெய் வகைகளுக்கிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை. உடன் சோதிக்கப்பட்ட எஞ்சின் சேர்க்கைப் பொருள்களாலும் பயன் ஏதும் தெரியவில்லை.

ஊற்றியவர்கள் பலர் வண்டி மெதுவாக, இதமாக ஓடுவதாகச் சொல்கிறார்களே என்ற கேள்வி நியாயமானது. அவர்கள் பொய் சொல்லவில்லை. பெரும்பாலும் பழைய எண்ணெயை மாற்றும்போதுதான் புட்டியும் ஊற்றப்படுகிறது. இதம் புது எண்ணெயால் வந்தது, பெயர் புட்டிக்குப் போகிறது. சில சேர்க்கைப் பொருள்கள் வெறுமனே எண்ணெயைக் கெட்டியாக்குபவை. தேய்ந்த எஞ்சினில் கெட்டி எண்ணெய் சத்தத்தை அமுக்கும், புகையைச் சற்றுக் குறைக்கும். தேய்மானம் அப்படியே இருக்கும். விற்கப்போகும் வண்டிக்கு அது உதவலாம், வாங்கப்போகிறவருக்கு அல்ல.

தலைநகரின் பழைய நம்பிக்கை

எண்ணெய் அதிகமானால் எஞ்சினுக்கு நல்லது என்ற நம்பிக்கைக்குத் தில்லியில் ஒரு வரலாறே உண்டு. இரண்டு ஸ்ட்ரோக் ஸ்கூட்டர்களும் ஆட்டோக்களும் நிறைந்திருந்த காலத்தில் பெட்ரோலோடு ‘2டி’ எண்ணெயைக் கலந்து ஊற்றுவார்கள். 2 விழுக்காடு அளவே போதும் என்றிருக்க, எஞ்சின் நீடிக்கும் என்று நம்பிப் பலமடங்கு ஊற்றினர்; போதாததற்கு உதிரியாக விற்கப்பட்ட தரமற்ற எண்ணெய் வேறு. எரியாத எண்ணெய் நீலப்புகையாக வெளியேறி நகரத்தின் நுரையீரலில் இறங்கியது. எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1998இல் பிறப்பித்த உத்தரவுகளும், பூரே லால் தலைமையிலான சுற்றுச்சூழல் மாசுத் தடுப்பு ஆணையத்தின் பரிந்துரைகளும் சேர்ந்துதான் உதிரி 2டி எண்ணெய் விற்பனைக்கு முடிவுகட்டின. சரியான விகிதத்தில் முன்கூட்டியே கலந்த பெட்ரோல், பங்க்குகளில் வழங்கப்பட்டது. எண்ணெய் என்பது உரிமையாளரின் சொந்த விஷயம் மட்டுமல்ல என்பதை அன்று தலைநகரம் ஏற்றுக்கொண்டது.

இன்றைய புட்டிக்கும் காற்றுக்கும் தொடர்பில்லாமலில்லை. 2020 ஏப்ரல் 1 முதல் நாடெங்கும் நடைமுறைக்கு வந்த பி.எஸ்.6 விதிகளை நிறைவுசெய்ய, மோட்டார் சைக்கிள்களின் புகைக்குழாயில் நச்சு வாயுக்களை மாற்றும் வினையூக்கி பொருத்தப்பட்டுள்ளது. பாஸ்பரஸ் அதற்கு எதிரி. ஜாசோ தரம் எண்ணெயில் பாஸ்பரசின் அளவை 0.08 முதல் 0.12 விழுக்காட்டுக்குள் கட்டுப்படுத்துவதற்கு இதுவே காரணம்: குறைந்தால் கியரும் கேமும் தேயும், கூடினால் வினையூக்கி மடியும். இசட்.டி.டி.பி. மிகுந்த புட்டி ஒன்று இந்த வரம்பைத் தாண்டவைத்துவிடும்.

எஞ்சினின் ஆயுளை இரட்டிப்பாக்குவோம் என்ற வாக்குறுதிக்குத் தில்லியில் வேறொரு சோதனையும் காத்திருக்கிறது. 15 ஆண்டுகள் கடந்த பெட்ரோல் வாகனங்கள் தலைநகர வலயத்தில் ஓடக் கூடாது என்ற பசுமைத் தீர்ப்பாயத்தின் தடையை 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. 2025 ஜூலை 1 முதல் இத்தகைய வாகனங்களுக்கு எரிபொருள் மறுக்கும் முயற்சி தொடங்கி, எதிர்ப்பால் சில நாள்களிலேயே நிறுத்திவைக்கப்பட்டதும், தடையைச் செயல்படுத்தும் விதத்தை உச்ச நீதிமன்றம் அதே ஆண்டில் மாற்றியமைத்ததும் வாசகர்கள் அறிந்ததே. ஒழுங்காக எண்ணெய் மாற்றப்பட்ட 100 சி.சி. எஞ்சின் எந்த மருந்துமின்றியே அந்த வயதை எட்டிவிடும். இங்கே வண்டியின் முடிவைத் தீர்மானிப்பது தேய்மானமல்ல, பதிவுச் சான்றிதழில் உள்ள தேதி.

யார் கேட்பது?

அற்புதத் திரவங்களின்மேல் நமக்குள்ள மயக்கம் புதிதன்று. 1996இல் தமிழகத்திலிருந்து கிளம்பிய ‘மூலிகைப் பெட்ரோல்’ நாட்டையே சில வாரங்கள் கிறங்கடித்தது. அந்த வழக்கில் 2016இல் சென்னை நீதிமன்றம் சிறைத் தண்டனை விதித்தது. எண்ணெய்ப் புட்டிகளின் விஷயம் அவ்வளவு வெளிப்படையானதல்ல. தண்ணீர் பெட்ரோலாகாது என்று எவரும் சோதித்துவிடலாம். ‘உராய்வு குறையும்’ என்பதைத் தெருவில் நிற்கும் ஒருவர் எப்படிச் சோதிப்பார்?

சட்டம் இல்லாமலில்லை. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு இலக்கணம் வகுத்துள்ளது. அதன்கீழ் 2020 ஜூலையில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அமைக்கப்பட்டது. முதல் தவறுக்கு 10 லட்சம் ரூபாய் வரையும், மீண்டும் செய்தால் 50 லட்சம் வரையும் தண்டம் விதிக்கும் அதிகாரம் அதற்கு உண்டு. விளம்பரத்தில் தோன்றும் பிரமுகருக்கும் தடை விதிக்கலாம். 2022 ஜூனில் வெளியான வழிகாட்டு நெறிமுறைகள், சரிபார்க்கத்தக்க உண்மையாக முன்வைக்கப்படும் எந்தக் கூற்றையும் கேட்கும்போது மெய்ப்பிக்க வேண்டிய பொறுப்பை விளம்பரம் செய்பவரின் தோளில் வைத்துள்ளன. ஐ.ஏ.எஸ். பயிற்சி மையங்களின் வெற்றிக் கணக்குகளைத் துருவிப் பல மையங்களுக்கு அபராதம் விதித்த ஆணையம் இதுதான். ‘மைலேஜ் இத்தனை விழுக்காடு கூடும்’ என்பதும் தேர்ச்சி விகிதத்தைப் போலவே எண்ணிச் சரிபார்க்கத்தக்க கூற்றுதான். புனேயில் ஆட்டோமொபைல் ஆராய்ச்சிச் சங்கம், தில்லியருகே மானேசரில் வாகனத் தொழில்நுட்ப மையம், டேராடூனில் இந்தியப் பெட்ரோலிய நிறுவனம் என்று சோதிக்கத் தகுதியுள்ள அமைப்புகளுக்கும் பஞ்சமில்லை.

ஓட்டை வேறிடத்தில் இருக்கிறது. பொதி செய்யப்பட்ட பண்டங்களுக்கான 2011ஆம் ஆண்டு விதிகள் புட்டியின்மேல் விலை, அளவு, தயாரித்த மாதம், தயாரிப்பாளரின் முகவரி, புகார் செய்யும் வழி ஆகியவற்றை அச்சிடச் சொல்கின்றன. உள்ளே குளோரின் உண்டா, மாலிப்டினம் உண்டா, நனையும் கிளட்சோடு சோதிக்கப்பட்டதா என்பவற்றை அவை கேட்கவில்லை. மேலும், விற்பனை நடப்பது தொலைக்காட்சி விளம்பரத்தால் என்பதைவிட மெக்கானிக்கின் ஒரு சொல்லால்தான். அந்தச் சொல்லுக்கு எழுத்துச் சான்று கிடையாது. பல உற்பத்தி நிறுவனங்கள் தம் உரிமையாளர் கையேட்டில் சேர்க்கைப் பொருள் எதையும் ஊற்ற வேண்டாம் என்றே அச்சிடுகின்றன. கையேடு இருக்கைக்கு அடியில் பிரிக்கப்படாமலே கிடக்கிறது. அதனால் விளைந்த பழுதுக்கு உத்தரவாதம் கோரும்போதுதான் அந்த வரி வெளியே எடுக்கப்படுகிறது.

மைலேஜ் பற்றிய கவலை இப்போது கூடியிருப்பதற்குக் காரணம் உண்டு. 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோலால் பழைய வாகனங்களில் எரிபொருள் திறன் ஓரளவு குறையும் என்பதைப் பெட்ரோலிய அமைச்சகமே 2025 ஆகஸ்டில் ஒப்புக்கொண்டது. எத்தனாலில் ஆற்றல் அடர்த்தி குறைவு என்பதால் வரும் இழப்பு அது. எண்ணெயில் எதை ஊற்றியும் அதை ஈடுகட்ட முடியாது. சக்கரங்களில் போதிய காற்று, இழுவை சரியாக உள்ள செயின், தேய்க்காத பிரேக், மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டருக்குள் சீரான வேகம் என்று பெட்ரோலியச் சேமிப்பு ஆராய்ச்சிச் சங்கம் ஆண்டாண்டுகளாகச் சொல்லிவருபவை செலவில்லாதவை. செலவில்லாததாலேயே அவற்றை எவரும் விற்பதில்லை.

நாளொன்றுக்கு 120 கிலோமீட்டர் ஓடும் டெலிவரி தொழிலாளிக்கு 3000 கிலோமீட்டர் என்பது 25 நாள். கையேட்டில் எண்ணெய் மாற்ற 3000 என்று போட்டிருந்தால் அவருக்கு ஏறக்குறைய மாதம் ஒருமுறை செலவு. 6000 என்றால் இரு மாதத்துக்கு ஒருமுறை. இந்தச் செலவைத் தள்ளிப்போடுவதற்கான வழியாகவே புட்டி பலருக்குத் தோன்றுகிறது: இதை ஊற்றினால் எண்ணெய் இன்னும் ஆயிரம் கிலோமீட்டர் தாங்கும் என்ற கணக்கு. உண்மையில் எண்ணெயில் சேர்ந்த கரியும் பெட்ரோலும் நீரும் புட்டியால் வெளியேறுவதில்லை. அவற்றை வெளியேற்ற எஞ்சினின் அடியில் உள்ள வடிபோல்ட்டைக் கழற்றித்தான் ஆக வேண்டும். புதிய டப்பாவில் கையேடு சொல்லும் 10டபிள்யூ-30 அல்லது 20டபிள்யூ-40 என்ற எண், ஜாசோ எம்ஏ குறி, முத்திரை உடையாத மூடி ஆகிய மூன்றையும் பார்த்து, பில்லோடு வாங்க வேண்டும். பெயர்பெற்ற நிறுவனங்களின் டப்பாக்களில் போலி எண்ணெயை நிரப்பி விற்போர் தலைநகரிலும் சுற்றுப்புறங்களிலும் அவ்வப்போது பிடிபடுவதால், காலி டப்பாவை அப்படியே விட்டுவராமல் கிழித்துப் போடுவது நல்லது. வடித்த கழிவெண்ணெயைச் சாக்கடையில் கொட்டாமல் மெக்கானிக்கிடமே விட வேண்டும். 2024 ஏப்ரல் 1 முதல் அதைத் திரும்பப் பெற்று மறுசுழற்சி செய்யும் பொறுப்பு எண்ணெய் உற்பத்தியாளர்களையும் இறக்குமதியாளர்களையும் சேர்ந்தது. புட்டியின் வாக்குறுதி பொய்த்ததாகக் கருதுவோர், பில்லும் புட்டியின் படமும் கையிலிருந்தால், தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915இல் தமிழிலேயே புகாரைப் பதிவு செய்யலாம்.